வென்றவர்களுக்கும் ஏன் கோபம்? பிரிட்டனின் வெளியேற்றம் விட்டுச்சென்ற கசப்பு

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் மக்கள் தாங்களே வாக்களித்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறினார்கள். தோற்ற தரப்பு புலம்புவது இயல்பு, வென்ற தரப்பும் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொல்வது ஏன் என்பது உங்கள் முதல் கேள்வி. லெஸ்டரில் இருக்கும் உங்கள் அண்ணனும், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸிலிருந்து அங்கே குடிவந்த அண்ணியின் தம்பியும் ஒரு வணிகக் கூட்டமைப்பைப் பற்றிய கருத்து வேறுபாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. பலரும் இதை லாபநஷ்டக் கணக்காக எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அந்தக் கணக்கும் வேண்டியதுதான், பின்னால் அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்டது மனக்கசப்பைப் பற்றி; அது பணத்தில் தொடங்கவில்லை.

நான் பொருளாதார அறிஞனோ அரசியல் ஆய்வாளனோ அல்லன். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் ஷிப்பிங் பில் நிரப்பும் வேலையில் தொடங்கி, 2004 முதல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் சுங்க ஆவணங்கள் தயாரிக்கும் தொழிலில் இருப்பவன். எல்லையில் சரக்குக்கு என்ன நேர்கிறது என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். மக்கள் மனத்தில் என்ன நேர்கிறது என்பதை, படித்ததையும் அக்கம்பக்கத்தில் கேட்டதையும் வைத்துத்தான் சொல்ல முடியும். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் நான் ஒன்றியத்துக்குள் இருப்பதற்கே வாக்களித்தேன். அதே வேளையில், வெளியேற்றத்தால் தொழில் பெருகிய மிகச் சிலரில் நானும் ஒருவன்: முன்பு 6 பேர் இருந்த எங்கள் அலுவலகத்தில் இன்று 17 பேர் வேலை பார்க்கிறார்கள். ஊருக்குச் சுமையாக வந்த காகிதம் எங்களுக்குச் சோறாக வந்தது.

'வணிகக் கூட்டமைப்பு' என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லிலேயே சண்டையின் வேர் இருக்கிறது. பிரிட்டன் 1973இல் சேர்ந்தபோது, ஊர்வாயில் அதற்குப் 'பொதுச் சந்தை' என்றுதான் பெயர். 1975இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் உள்ளேயே இருக்கலாம் என்றார்கள். பிறகு 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அதை ஒன்றியமாக்கியது. ஒன்றியக் குடியுரிமை வந்தது, பொது நாணயத்துக்கு வழி வகுக்கப்பட்டது. நாங்கள் சந்தைக்குத்தான் சம்மதித்தோம், கூட்டுக்குடும்பத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று முதியவர்கள் பலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ அது சந்தையாக ஒருபோதும் இருந்ததில்லை. விசா இல்லாமல் பெர்லினில் வேலை பார்க்கவும் லிஸ்பனில் படிக்கவும் கிடைத்த உரிமையாகவே அதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரே பெயரைச் சொல்லி இரு தலைமுறைகள் இரு வேறு பொருள்களைப் பற்றி வாக்களித்தன.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம், அதாவது 1 கோடியே 74 லட்சம் பேருக்கு எதிரே 1 கோடியே 61 லட்சம் பேர். வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள். 'இருத்தல்' என்பதற்கு ஒரே பொருள்தான். 'வெளியேறுதல்' என்பதற்குக் குறைந்தது நான்கு பொருள்கள் இருந்தன. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பொருளும் ஆட்களும் ஒரே விதிகளின்கீழ் தடையின்றி நடமாடும் அதன் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. ஐரோப்பியர்கள் அங்கே போய் வேலை செய்யலாம். துருக்கி ஒற்றைச் சந்தையில் இல்லை, ஆனால் தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில், அதாவது உள்ளே வரி இல்லாமல் வெளியாருக்கு ஒரே வரி விதிக்கும் ஏற்பாட்டில், இருக்கிறது. சுவிட்சர்லாந்து தனித்தனி உடன்பாடுகளால் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறது. கனடாவுக்கு வெறும் வர்த்தக ஒப்பந்தம் மட்டுமே. இவை எல்லாமே 'வெளியே'தான். வீட்டைக் காலி செய்வது என்று மட்டும் முடிவெடுத்துவிட்டு, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று பேசிக்கொள்ளாமல் சாமான்களைக் கட்டிய குடும்பத்தின் நிலை அது. உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்துவிட்டு வரியைக் குறைக்க வேண்டும் என்று விரும்பிய வெளியேற்ற ஆதரவாளரும், உள்ளூர்த் தொழிலையும் கூலியையும் வெளிநாட்டுப் போட்டியிலிருந்து காக்க வேண்டும் என்று விரும்பிய வெளியேற்ற ஆதரவாளரும் ஒரே கட்டத்தில்தான் குறியிட்டார்கள். இருவரையும் ஒருசேரத் திருப்தி செய்யும் ஒப்பந்தம் என்று ஒன்று எந்தப் பிரதமருக்கும் கிடைத்திருக்காது. என் கணிப்பில் உங்கள் முதல் கேள்விக்கான விடையில் பாதி இதுதான்.

இது 2019இல் நாடாளுமன்றத்திலேயே அம்பலமானது. பிரதமர் தெரசா மே சுமார் ஒன்றரை ஆண்டுகள் பேசிக் கொண்டுவந்த உடன்பாட்டை ஜனவரி 15 அன்று 432 பேர் எதிர்த்தார்கள், 202 பேர் மட்டுமே ஆதரித்தார்கள். எதிர்த்தவர்களில் ஒரு பங்கினர், அது போதிய அளவு வெளியேற்றம் ஆகாது என்று எதிர்த்தவர்கள். இன்னொரு பங்கினர், அது மிதமிஞ்சிய வெளியேற்றம் என்று எதிர்த்தவர்கள். மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வரிசையாக வாக்கெடுப்புக்கு விட்டார்கள், எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று சுங்க ஒன்றியத்தில் தொடரலாம் என்ற யோசனை 273க்கு 276 என்று மூன்றே வாக்குகளில் விழுந்தது. அந்த மூன்று பேர் மாறி வாக்களித்திருந்தால் எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் 6 பேரே இருந்திருக்கலாம் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது. பிறகு போரிஸ் ஜான்சன் வந்தார். அவர் நாடாளுமன்றத்தை முடக்கிவைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்து வந்த டிசம்பர் தேர்தலில் அவர் 80 இடங்கள் பெரும்பான்மையோடு வென்றார். 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது. அந்த ஆண்டு இறுதியோடு ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டது. மூன்றரை ஆண்டுகள் நீண்ட இந்த இழுபறி, இரு தரப்புக்கும் மறுதரப்பின் மேல் தீராத சந்தேகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. ஜனநாயகத்தைத் திருடப் பார்க்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. பொய் சொல்லி வாங்கிய வாக்கு என்று மறுதரப்பு சொன்னது.

பொய் என்று குறிப்பிடப்படுவதில் முதலாவது, வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராகக் கொண்டுபோன வாசகம். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காத எண் அது; நாட்டின் புள்ளியியல் ஆணையமே அதைத் தவறான எண்ணத்தை உண்டாக்குவது என்று கண்டித்தது. ஆனால் எதிர்த்தரப்பின் கணக்கும் சுத்தம் என்று சொல்ல முடியாது. வெளியேற வாக்களித்தாலே உடனடியாக மந்தம் வரும், 5 லட்சம் பேருக்காவது வேலை போகும் என்று நிதி அமைச்சகம் வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம் அறிக்கை விட்டது. பவுண்ட் சரிந்தது உண்மை; அந்த உடனடி மந்தம் வரவில்லை. அன்றிலிருந்து, நிபுணர் ஒருவர் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த அறிக்கையை நினைவூட்டிச் சிரிக்கும் பழக்கம் வெளியேற்ற ஆதரவாளர்களிடம் ஊன்றிவிட்டது.

இனி நான் உறுதியாகப் பேசக்கூடிய இடத்துக்கு வருகிறேன். 2020 டிசம்பர் 24 அன்று எட்டப்பட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் சுங்க வரி கிடையாது என்று அறிவித்தபோது, இனி எல்லாம் பழையபடியே நடக்கும் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் பலர் நம்பினார்கள். அந்த விலக்கு, பிரிட்டனில் 'தோன்றிய' பொருளுக்கு மட்டுமே என்ற நிபந்தனையை ஜனவரி முதல் வாரத்தில் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை கட்டியது. ஒரு நிகழ்வு சொல்கிறேன். திருப்பூரிலிருந்து பனியன் துணிகளை மொத்தமாகத் தருவித்து, இங்கே கிடங்கில் வைத்து, அதில் ஒரு பகுதியை டப்ளினில் உள்ள கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சிறு வியாபாரி எங்களிடம் இருந்தார். ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் துறைமுகத்தில் ஒருமுறை வரி கட்டினால் போதும். டப்ளினுக்குப் போவதும் பர்மிங்காமுக்குப் போவதும் ஒன்றுதான். 2021இல் அதே பெட்டி அயர்லாந்துக்குள் நுழையும்போது அது இந்தியப் பொருள். மறுபடியும் சுமார் 10 சதவீதம் வரி. வரி கட்டாமலே சுங்கக் கண்காணிப்பில் கிடங்கில் வைத்து மறு ஏற்றுமதி செய்ய வழி இருக்கிறது. அதற்கு உரிமம், உத்தரவாதத் தொகை, கணக்குப் பதிவு எல்லாம் வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு அது கட்டுப்படியாகவில்லை. அவர் டப்ளின் வியாபாரத்தை விட்டுவிட்டார். இவர் 2016இல் வெளியேற வாக்களித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். வாக்களித்ததற்காக அவர் வருந்தவில்லை. இதைப் பற்றி ஒருவரும் தன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய கோபம்.

உணவுப் பொருள் என்றால் தொல்லை இன்னும் நுணுக்கமானது. இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி எதை அனுப்பினாலும் அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் போன்ற அதிகாரியின் கையெழுத்தோடு சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கையெழுத்து, அச்சிட்ட எழுத்தின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பு மையில் அச்சிட்ட தாளில் கறுப்புப் பேனாவால் கையெழுத்திட்டதற்காக ஒரு லாரி திருப்பி அனுப்பப்படலாம்; எங்கள் மேஜைகளில் இன்றும் நீலப் பேனாக்கள் டப்பா டப்பாவாக இருக்கின்றன. பல வியாபாரிகளின் சரக்கை ஒரே லாரியில் சேர்த்து அனுப்பும்போது, ஒருவருடைய தாளில் உள்ள பிழைக்கு எல்லோருடைய சரக்கும் நின்றுவிடும். 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகள் தங்கள் லாரிகளை லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகே கொண்டுவந்து நிறுத்திப் போராடியது இதற்காகத்தான். அதே வாரங்களில், நெதர்லாந்தின் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர்களின் மதிய உணவான பன்றியிறைச்சி சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த காட்சி அந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், விதிப்படி அதிகாரிகள் செய்தது சரியே.

இதில் பிரிட்டன் வியாபாரிகளை மிகவும் எரிச்சலூட்டிய விஷயம் வெளிநாட்டுச் செய்திகளில் அதிகம் வருவதில்லை. ஒன்றியம் 2021 ஜனவரி 1 முதலே பிரிட்டன் சரக்கை முழுமையாகச் சோதித்தது. பிரிட்டனோ தன் பக்கத்துச் சோதனைகளைத் தயாராகவில்லை என்று ஐந்து முறை தள்ளிவைத்து, 2024 ஏப்ரலில்தான் உணவுப் பொருள்களை நேரில் பரிசோதிக்கத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல், பிரெஞ்சுப் பாலாடைக்கட்டி தடையின்றி உள்ளே வந்தது. பிரிட்டன் பாலாடைக்கட்டி ஒவ்வொரு பெட்டிக்கும் சான்றிதழ் சுமந்து வெளியே போனது. எல்லையை மீட்போம் என்ற முழக்கத்துக்கு வாக்களித்தவர் இதைப் பார்த்துக் கொதிக்காமல் என்ன செய்வார்? பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்துச் சமாளித்துக்கொண்டன. சிறியவை நின்றுவிட்டன: ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துவந்த பிரிட்டன் நிறுவனங்களில் ஏறத்தாழ 14 சதவீதம் அதை அறவே கைவிட்டதாக லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வு சொல்கிறது. நான் கண்ணால் பார்த்ததும் அதற்கு ஒத்துத்தான் வருகிறது.

ஒட்டுமொத்தப் பொருளாதாரம் என்று வரும்போது என் உறுதி குறைகிறது. அரசின் கணக்குகளை மதிப்பிடும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம், உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய அளவைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்று வைத்திருக்கிறது. இந்த எண்ணைப் பலர் ஆண்டுக்கு 4 சதவீதம் நஷ்டம் என்று தவறாகச் சொல்கிறார்கள், அப்படியன்று. பல ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சேர்ந்துவரும் இடைவெளி அது. மேலும், நடக்காத ஒன்றோடு நடந்ததை ஒப்பிடும் கணக்கு என்பதால், இடையில் வந்த பெருந்தொற்றையும் உக்ரைன் போரால் ஏறிய எரிபொருள் விலையையும் எவ்வளவு கழிப்பது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கிறது. நஷ்டம் என்ற திசையில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள், அளவில்தான் வேறுபடுகிறார்கள். லாபப் பக்கத்தில் உண்மையாகக் காட்டக்கூடியது, தனியாக வர்த்தக ஒப்பந்தம் போடும் சுதந்திரம். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தம் அதன் பலன்; திருப்பூர்த் துணிக்கு இங்கே விதிக்கப்படும் வரியை நீக்குவதால் நம் பக்கம் அதற்குப் பெரிய மதிப்பு. பிரிட்டன் அரசின் சொந்த மதிப்பீட்டிலோ அது நாட்டின் உற்பத்தியில் நீண்ட காலத்தில் 0.13 சதவீதம். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு ஏன் நேராகவில்லை என்பது தெரியும்.

இப்படி மெதுவாக வந்த நஷ்டத்துக்கு ஓர் அரசியல் குணம் உண்டு: அது ஒருநாளும் தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஆலை வெடித்தாற்போல் ஏதாவது நடந்திருந்தால் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருப்பார்கள். விலை கொஞ்சம் ஏறியது, கடையில் இரண்டு சரக்கு வருவது நின்றது, சம்பளம் ஏறவில்லை. அதற்குக் காரணம் வெளியேற்றம் என்று ஒருவர் சொல்ல, கொரோனா என்று இன்னொருவர் சொல்ல, இருவருமே தங்கள் பழைய கருத்தோடு வீடு திரும்ப முடிகிறது. சாரா ஹோபோல்ட், ஜேம்ஸ் டில்லி முதலியோர் நடத்திய ஆய்வுகள் காட்டுவது இதுதான்: வாக்கெடுப்புக்குப் பின் 'வெளியேறுபவர்', 'இருப்பவர்' என்ற அடையாளங்கள் கட்சி அடையாளத்தைவிட வலுவாகப் பிடித்துக்கொண்டன, பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட ஆள் எந்த அணி என்பதைப் பொறுத்தே விடை வந்தது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன், ஜூன் 16 அன்று, இருப்பதற்கு ஆதரவாகப் பிரசாரம் செய்துவந்த தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தன் தொகுதியிலேயே தீவிர வலதுசாரி ஒருவனால் கொல்லப்பட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் பிறகு இதை வெறும் வர்த்தக விவாதம் என்று யாராலும் எண்ண முடியவில்லை.

வென்றவர்களின் கோபத்தின் மறுபாதி குடியேற்றம். லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஓர் ஊர். முட்டைக்கோசும் பிற காய்கறிகளும் விளைந்து, கழுவி, கட்டி அனுப்பப்படும் பூமி. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறிய அந்த ஊரில் 75.6 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் அந்தப் பக்கத்தவர். அவர் எனக்குச் சொன்ன காரணத்தில் வர்த்தகமே இல்லை. வாடகை ஏறியது, டாக்டரைப் பார்க்க நாள் கிடைக்கவில்லை, இதைப் பற்றி எங்களிடம் ஒருவரும் கேட்கவே இல்லை, முதல்முறையாகக் கேட்டார்கள், சொன்னேன் என்றார். வாக்கெடுப்புக்குச் சற்று முன் வெளியான கணக்கின்படி, ஓராண்டில் நிகரக் குடியேற்றம் சுமார் 3.3 லட்சம். வெளியேறிய பின் ஐரோப்பியர் வரவு குறைந்தது. தகுதிகளுக்குப் புள்ளி தந்து விசா வழங்கும் புதிய முறையில் இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் மருத்துவ, முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் பெருமளவில் வந்தார்கள். 2023இல் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அந்த உச்சத்தைப் பார்த்த என் ஃபோர்க்லிஃப்ட் நண்பர், தான் கேட்டதற்கு நேர்மாறானதையே கொடுத்தார்கள் என்ற முடிவிலிருந்து நகரவில்லை. 2024 தேர்தலில், வெளியேற்றத்துக்காக முன்னின்று பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீத வாக்குகளும் ஐந்தே இடங்களும் கிடைத்தபோது, இதுவும் ஏமாற்று வேலை என்றார். இந்த விஷயத்தை நானும் அவரும் ஒரே மேஜையில் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவோம். அவர் குறை சொல்லும் குடியேறிகளில் நானும் ஒருவன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் அதைத் தொடுவதில்லை.

வட அயர்லாந்தைப் பற்றித் தனியாக எழுதினால் இதைவிட நீண்ட பதிலாகிவிடும். 200க்கும் மேற்பட்ட இடங்களில் சாலைகள் கடக்கும் அயர்லாந்து எல்லையில் 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பின் மறுபடி சோதனைச் சாவடி போட முடியாது என்பதால், சோதனையைக் கடலுக்கு நகர்த்தினார்கள். பிரிட்டனிலிருந்து தன் நாட்டின் இன்னொரு பகுதிக்குப் போகும் சரக்குக்கே ஆவணம் வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்கை பெல்ஃபாஸ்ட்டுக்கு அனுப்ப முடியாது என்று விவசாயிகளுக்கு விளக்கம் சொன்ன நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பிரிட்டனோடு ஒட்டி நிற்க விரும்பும் கட்சி இதை எதிர்த்து இரண்டு ஆண்டுகள் மாகாண அரசையே முடக்கிவைத்தது. ஸ்காட்லாந்தில் 32 உள்ளாட்சிப் பகுதிகளும் இருப்பதற்கே வாக்களித்திருந்தன; தங்களைக் கேளாமல் இழுத்துச் சென்றார்கள் என்ற குறை அங்கே இன்றும் தணியவில்லை.

மக்கள் மனம் மாறிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் யூகவ் நடத்திய கருத்துக்கணிப்பில் வெளியேறியது தவறு என்றவர்கள் 55 சதவீதம், சரி என்றவர்கள் 30 சதவீதம். இதை வைத்து மீண்டும் சேர்வார்கள் என்று சொல்வது அவசரம். அன்று வெளியேற வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறார்கள். முதியவர்கள் மறைந்து இளையவர்கள் வாக்காளர்களானதும், அன்று வாக்களிக்காதவர்கள் சாய்ந்ததும் இந்த மாற்றத்தில் பெரும்பங்கு. மீண்டும் சேர 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும், பழைய தள்ளுபடி கிடைக்காது, யூரோ நாணயத்தைப் பற்றிய கேள்வியும் எழும். இவற்றைச் சேர்த்துக் கேட்டால் ஆதரவு சட்டென்று இறங்குகிறது. 2024இல் பிரதமரான கெய்ர் ஸ்டார்மர், ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை என்று தேர்தல் அறிக்கையில் சொல்லியே வந்தவர். 2025 மே 19 அன்று ஒன்றியத்தோடு அவர் செய்துகொண்ட இணக்கத்தில் உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள்; அதே இணக்கத்தில் ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் மீன்பிடிக்க அனுமதி நீட்டிக்கப்பட்டது. என் வாடிக்கையாளர்களில் மீன் ஏற்றுமதி செய்பவர் மகிழ்ந்தார். மீன் பிடிப்பவர் துரோகம் என்றார்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நான் சொல்லக்கூடியது ஊகம் மட்டுமே, ஆனால் ஊகத்துக்கு அடியில் ஓர் உறுதியான உண்மை இருக்கிறது. அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் வசித்த காமன்வெல்த் நாட்டவர்களுக்கு வாக்கு இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அன்று அங்கே இருந்தவர் என்றால் உங்கள் அண்ணனுக்கும் இருந்திருக்கும். அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நீங்கலாக மற்ற ஒன்றிய நாட்டவர்களுக்கு, அங்கேயே பத்து ஆண்டு வாழ்ந்து வரி கட்டியிருந்தாலும், வாக்கு இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று முதலில் தஞ்சம் கிடைத்த நாட்டில் குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவினருக்காகவும் லண்டனுக்கும் லெஸ்டருக்கும் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் பலர். அவர்களைப் பொறுத்தவரை சுதந்திர நடமாட்டம் என்பது கொள்கைச் சொல் அன்று. அதை வைத்துத்தான் வீடு வாங்கினார்கள், கடை போட்டார்கள். 2021 ஜூன் 30க்குள் அவர்கள் குடியிருப்பு உரிமைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கையில் ஓர் அட்டைகூடத் தரப்படவில்லை, எல்லாம் இணையப் பதிவில்தான். ஏற்கெனவே ஒரு நாட்டை இழந்து வந்தவருக்கு, உன் உரிமை கணினியில் இருக்கிறது, கவலைப்படாதே என்பது ஆறுதலாக இருந்திருக்குமா?

மறுபக்கத்தையும் பாருங்கள். லெஸ்டரில் 51 சதவீதம் பேர் இருப்பதற்கு வாக்களித்தார்கள். ஆனால் தெற்காசியர் நிறைந்த லூட்டனும் ஸ்லவ்வும் வெளியேறவே வாக்களித்தன. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர ஆண்டுக்கு 18,600 பவுண்ட் சம்பளம் காட்ட வேண்டும் என்று 2012 முதல் விதி இருந்தபோது, ஐரோப்பியர் ஒருவர் விசாவே இல்லாமல் வந்து இறங்குவதைப் பார்த்து மனம் புழுங்கிய நம்மவர்கள் பலரை நான் அறிவேன். வெளியேறினால் நமக்கு வழி திறக்கும் என்று அவர்களிடம் பிரசாரமும் செய்யப்பட்டது. மனைவியை அழைப்பதற்கான அந்த வரம்பு 2024இல் 29,000 பவுண்டாக ஏறியது. உங்கள் அண்ணன் எப்படி வாக்களித்தார், எதை நினைத்து வாக்களித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் வெளியேற வாக்களித்திருந்தால், பெரும்பாலும் மைத்துனரை நினைத்து வாக்களித்திருக்க மாட்டார். மைத்துனருக்கோ அந்த வாக்கு தன் மேல் போடப்பட்டதாகவே தோன்றியிருக்கும். நீங்கள் இருவரிடமும் பேசப் போகிறீர்கள் என்றால், நான் மேலே எழுதிய வரி, ஏற்றுமதி எண்கள் எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம். குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பித்த அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று மைத்துனரிடம் அண்ணன் ஒருமுறையாவது கேட்டாரா என்பதை மட்டும் விசாரித்துப் பாருங்கள்.